வெட்டின காட்டை வரைஞ்ச ஆளு

டொரன்டோக்காரங்க "நார்த் போறோம்"னு சொன்னா அது எங்கன்னு ஒரு தடவ மேப்ல பாருங்க. ஹைவே 400 புடிச்சு, பேரி தாண்டி, ஹன்ட்ஸ்வில் வரைக்கும் போய், அங்க ஹைவே 60ல கிழக்க திரும்பினா ஆல்கான்குவின் பார்க் வந்துரும். மூணு மணி நேரம், நடுவுல டிம் ஹார்ட்டன்ஸ்ல காபிக்கு நின்னா மூணரை. அந்த பார்க்குக்குள்ள இருக்குற கனூ லேக் கிட்டத்தட்ட 45.5 டிகிரி அட்சரேகையில இருக்கு, அதாவது இத்தாலியோட மிலன் நகரம் இருக்குற அதே கோட்டுல. பாரிஸ் அதவிட வடக்க, லண்டன் இன்னும் வடக்க. கனடா மேப்ப எடுத்து வச்சா இது நாட்டோட அடிப்பகுதி, பாதத்துக்கு கொஞ்சம் மேல கணுக்கால்னு வேணா சொல்லலாம். ஆனா கனடாவுல ஸ்கூல் படிச்ச யாரையாவது புடிச்சு "வடக்கு"னா மனசுல என்ன வருதுன்னு கேட்டுப் பாருங்க, பாறை மேல காத்துல வளைஞ்ச ஒத்த பைன் மரம், பின்னாடி ஏரி, அதுக்குப் பின்னாடி மலை, மனுஷ வாடையே கிடையாது, இதத்தான் சொல்வாங்க. அந்தப் படம் ஆர்க்டிக்ல இருந்து வரல, இந்த மூணு மணி நேர டிரைவ்ல இருந்துதான் வந்துச்சு. பெரும்பாலும் ஒரே ஆளோட கையில இருந்து.

டாம் தாம்சன்ங்கிற ஓவியர். 1877ல ஒன்டாரியோவுல கிளேர்மான்ட்ங்கிற ஊர்ல பொறந்து, ஜார்ஜியன் பே பக்கம் லீத்ங்கிற கிராமத்துல பத்துப் புள்ளைங்கள்ல ஒருத்தரா வளர்ந்தவர். பெருசா ஓவியப் படிப்புன்னு ஒண்ணும் கிடையாது. பிசினஸ் காலேஜ் போனார், சியாட்டில் போய் அங்க எழுத்து டிசைன், விளம்பரப் படம்னு வேலை பாத்தார், திரும்பி வந்து டொரன்டோவுல கிரிப்னு ஒரு கமர்ஷியல் ஆர்ட் கம்பெனியில சேர்ந்தார். அந்தக் கம்பெனிய நினைச்சா எனக்கு இன்னைக்கும் ஆச்சரியம், ஏன்னா ஜே.இ.எச். மெக்டொனால்டு அங்க தலைமை டிசைனர், ஆர்தர் லிஸ்மர், ஃப்ரெட் வார்லி, ஃப்ராங்க் ஜான்ஸ்டன், ஃப்ராங்க்ளின் கார்மைக்கேல்னு பின்னாடி "குரூப் ஆஃப் செவன்"ங்கிற ஏழு பேர் ஓவியர் குழுவா பேர் வாங்கின ஆளுங்கள்ல பாதிக்கு மேல கடை விளம்பரமும் புக்லெட்டும் டிசைன் பண்ணிட்டு அந்த ஒரே ஆபீஸ்ல உக்காந்திருந்தாங்க. லீவு நாள்ல சேர்ந்து போய் டொரன்டோவச் சுத்தி ஆத்தங்கரையில ஸ்கெட்ச் போடுவாங்க.

தாம்சன் ஆல்கான்குவினுக்கு முதல்ல போனது 1912 மே மாசம். வயசு 34. செத்தது 1917 ஜூலை, வயசு 39. ஆக மொத்தம் அஞ்சு வருஷம்தான் அவரோட ஓவிய வாழ்க்கை, அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் பரவால்ல ரகம், யாரும் ரெண்டாவது தடவ திரும்பிப் பாக்க மாட்டாங்க. அந்த அஞ்சு வருஷத்துல கிட்டத்தட்ட 400 சின்ன ஆயில் ஸ்கெட்ச், ஒரு 50 பெரிய கேன்வாஸ்.

இந்த சின்னது பெருசு விஷயத்துக்காகத்தான் இந்தப் பதிவே.

அவரோட பழக்கம் இதுதான். பனி உருகுறப்ப ஏப்ரல் வாக்குல ரயிலேறி பார்க்குக்குப் போயிருவார், இலையுதிர் முடியற வரைக்கும் அங்கதான், கூடாரத்துலயும் கனூ லேக் பக்கத்துல இருந்த மோவட் லாட்ஜ்லயும் மாறி மாறி. டூரிஸ்டுகளுக்கு கைடு வேலை, 1916ல காட்டுத்தீ காக்குற ரேஞ்சர் வேலைன்னு காசுக்கு ஏதாவது பாத்துக்குவார், மிச்ச நேரம் மீன் பிடிக்கறது, ஸ்கெட்ச் போடறது. குளிர்காலத்துல டொரன்டோவுக்கு வந்து, அந்த ஸ்கெட்ச்கள்ல சிலத எடுத்து பெரிய கேன்வாஸ் பண்றது. டொரன்டோவுல செவர்ன் ஸ்ட்ரீட்ல ஸ்டூடியோ பில்டிங்னு ஒண்ணு, லாரன் ஹாரிஸ்ங்கிற ஓவியரும் டாக்டர் ஜேம்ஸ் மெக்காலமும் பணம் போட்டு 1914ல ஓவியர்களுக்காகவே கட்டினது. தாம்சன் கொஞ்ச நாள் ஏ.ஒய். ஜாக்சன்ங்கிற இன்னொரு ஓவியர் கூட அங்க ஒரு ஸ்டூடியோவ ஷேர் பண்ணிட்டு, அப்புறம் வாடகை கட்டுபடியாகாம அதுக்குப் பின்னாடி இருந்த மரக் கொட்டகைக்கு மாறிட்டார், மாசம் ஒரு டாலர் வாடகை. அந்தக் கொட்டகைய அப்படியே பேத்து எடுத்துட்டு வந்து இப்ப டொரன்டோவுக்கு வெளிய க்ளைன்பர்க்ல மெக்மைக்கேல் கேலரி வளாகத்துல வச்சிருக்காங்க, நம்ம டொரன்டோ தமிழாளுங்க நிறைய பேர் அந்தப் பக்கம் பிக்னிக்னு போறோமே தவிர இத எட்டிப் பாக்கறதில்ல.

அந்த ஸ்கெட்ச் பலகை ஒவ்வொண்ணும் ஏறக்குறைய 21க்கு 26 சென்டிமீட்டர், ஏ4 பேப்பர விட சின்னது. ஒரு மரப்பெட்டி, மூடியத் திறந்தா அதுவே ஈசல், உள்ள பெயின்ட், கலக்கற தட்டு, ஈரப் பலகை ஒண்ணோட ஒண்ணு ஒட்டாம நிக்க ஸ்லாட். கனூங்கிற அந்தத் துடுப்புப் படகுலயே மடியில வச்சு போடலாம். கடிக்கிற கருப்பு ஈ மொய்க்கிற மே மாசத்துல (அனுபவிச்சவங்களுக்குத் தெரியும், கொசு எவ்வளவோ மேல்) பொறுமையா உக்காந்து நுணுக்கமெல்லாம் பாக்க முடியாது, வெளிச்சம் மாறுறதுக்குள்ள முடிக்கணும். அதனால அவர் ஈரத்து மேலயே ஈரமா போடறார், மரத்தோட பழுப்ப அங்கங்க அப்படியே விட்டுர்றார், ரெண்டு பிரஷ் இழுப்புக்கு நடுவுல தெரியற அந்த வெறும் பலகை தரையாவும் மாறுது சாயங்கால வெளிச்சமாவும் மாறுது. ஏஜிஓவுல, அதான் டொரன்டோவுல இருக்குற ஆர்ட் கேலரி ஆஃப் ஒன்டாரியோவுல, இந்தப் பலகைங்க வரிசையா மாட்டியிருக்கு. மூக்கு ஒட்டற தூரத்துல பாத்தா வெறும் பெயின்ட் கட்டி, ஊதாவும் ஆரஞ்சும் ஒரு அழுக்குப் பச்சையும். ரெண்டடி பின்னாடி வந்தா நவம்பர் மாசம், சாயங்காலம் நாலு மணி, மழை வரப் போகுது. அந்த மணிக்கணக்கு வரைக்கும் சொல்லிரலாம்னு தோணும், அதுதான் அந்த ஆளோட திறமை.

1917 வசந்தத்துல தினம் ஒரு ஸ்கெட்ச்னு போட்டு, பனி உருகி இலை துளிர்க்கற வரைக்கும் நாள்கணக்கா ரெக்கார்டு மாதிரி பண்ணினார்னு பார்க் ரேஞ்சர் மார்க் ராபின்சன் பின்னாடி சொல்லியிருக்கார்.

இப்ப அந்த ஸ்கெட்ச்கள்ல என்ன இருக்குன்னு பாக்கலாம். போஸ்டர்ல வர்றத விடுங்க. "ட்ரவுன்ட் லேண்ட்"னு 1912ல ஒண்ணு, அணை கட்டினதால தண்ணி ஏறி செத்துப்போன மரங்கள் மொட்டையா நிக்குது. "ஃபயர் ஸ்வெப்ட் ஹில்ஸ்"னு 1915ல ஒண்ணு, எரிஞ்ச மலைச்சரிவு, கரிஞ்ச தண்டுங்க குச்சி குச்சியா, அடியில தீ மாதிரியே செவப்பு. "டீ லேக் டேம்" அணையேதான். "பேட்டோ"ங்கிற படத்துல மரம் மிதக்க விடுற தொழிலாளிகளோட செவப்புப் படகுங்க. "தி டிரைவ்"ங்கிற பெரிய கேன்வாஸ்ல அணை மதகு வழியா கட்டைங்க முட்டி மோதிட்டு வர்றத ஆளுங்க கோல் வச்சு தள்ளி விடறாங்க.

அதாவது இது கன்னிக்காடே கிடையாது. 1893ல ஒன்டாரியோ அரசாங்கம் இந்த பார்க்க உண்டாக்கினப்பவே மர கம்பெனிங்க உள்ள இருந்தாங்க, பார்க் வந்தது அவங்கள வெளியேத்த இல்ல, விவசாயத்துக்குக் குடியேற வர்றவங்கள தடுக்கவும் ஆறுகளோட தலைப்பகுதியக் காப்பாத்தவும்தான். கனூ லேக்ல கில்மர்னு ஒரு மர கம்பெனி பெரிய மில் போட்டு, மோவட்னு ஒரு ஊரே உண்டாகி, சில நூறு பேர் இருந்து, கம்பெனி திவாலாகி ஊர் காலியாயிருச்சு. தாம்சன் தங்கின மோவட் லாட்ஜ் அந்த செத்த ஊரோட மிச்சம்தான், சுத்தி மரத்தூளும் சிராயும் கொட்டிக் கெடந்த யார்டு. அவர் வந்து எறங்கின ரயில்கூட ஜே.ஆர். பூத்ங்கிற மர முதலாளி 1890கள்ல தன் மரத்த ஏத்தறதுக்காகப் போட்ட பாதை. பெரிய வெள்ளை பைன் மரங்கள் முக்காவாசி போயாச்சு, வெட்டின எடத்துலயும் எரிஞ்ச எடத்துலயும் பிர்ச்சும் பாப்லரும் மொளைச்சு வந்துச்சு, தாம்சன் படத்துல வர்ற அந்த மஞ்சளும் வெள்ளைத் தண்டும் பாதி இப்படி வந்ததுதான். கோடாலி போன பாதையிலதான் பிரஷ் போயிருக்கு.

தாம்சன் இத மறைக்கல, அதுதான் எனக்கு அவர்கிட்ட ரொம்பப் பிடிச்சது. கண்ணுல பட்டத போட்டார், மொட்டை மரமும் அழகா இருந்தா மொட்டை மரம், அணை மேல வெயில் நல்லா விழுந்தா அணை.

கேன்வாஸுக்கு வரும்போதுதான் கதை மாறுது. ரொம்பப் பிரபலமான "தி ஜாக் பைன்" எடுத்துக்கோங்க, 1916-17 குளிர்காலத்துல அந்தக் கொட்டகையில போட்டது, 128க்கு 140 சென்டிமீட்டர் கிட்ட, இப்ப ஆட்டாவா நேஷனல் கேலரியில இருக்கு. இதோட ஸ்கெட்ச்ச 1916ல கிராண்ட் லேக்ல தீ ரேஞ்சரா இருந்தப்ப போட்டார், அதுல வானம் மூட்டமா சாம்பலா இருக்கு, பிரஷ் அவசரம் அவசரமா ஓடுது. கேன்வாஸ்ல அதே எடம் அமைதியான அந்தி ஆயிருச்சு. வானமும் தண்ணியும் அகல அகலமா படுக்கை வசத்துல அடுக்கினாப்ல, பச்சையும் மஞ்சளும் கலந்த வெளிச்சம், அதுக்கு முன்னாடி மரத்தோட கிளைங்க வளைஞ்சு வளைஞ்சு ஒரு டிசைன் மாதிரி. கிட்டப் போனா கிளைய சுத்தி அடியில போட்ட செவப்பு கசியறது தெரியும், அது கண்ணுக்கு ஒரு துடிப்பக் குடுக்குது. கிரிப் கம்பெனி டிசைனர் மறுபடி உள்ள வந்துட்டார்னு சொல்லலாம், அவரோட "நார்தர்ன் ரிவர்" கேன்வாஸ்லயும் முன்னாடி நிக்கிற மரங்கள் ஒரு திரைச்சீலை வேலைப்பாடு மாதிரிதான் இருக்கும், அத அவரே "சதுப்புப் படம்"னு சாதாரணமாதான் சொல்லிக்கிட்டார், நேஷனல் கேலரி 1915ல 500 டாலருக்கு வாங்கினாங்க.

நான் ஜாக் பைன் கேன்வாஸ குறை சொல்லல, நேர்ல முன்னாடி நின்னா பேச்சு வராது. ஆனா அதுல கட்டை இல்ல, அணை இல்ல, படகு இல்ல, காத்துகூட நின்னு போச்சு. இன்னொண்ணு, ஜாக் பைன்ங்கிற மரமே நெருப்புக்குப் பொறந்த மரம். அதோட காய் பிசின்ல ஒட்டி மூடியே கிடக்கும், பெரும்பாலும் காட்டுத்தீ சூடு பட்டாதான் வாய் திறந்து விதை கொட்டும். மத்த மரம் எரிஞ்ச எடத்துல முதல்ல வர்ற ஆளு அது. அந்த மரம் போய் யாரும் தொடாத காட்டுக்கு அடையாளமா நிக்குது.

அந்த "வடக்கு"ங்கிற எண்ணமே பாதி இறக்குமதி. 1913 ஜனவரியில மெக்டொனால்டும் ஹாரிஸும் அமெரிக்காவுல பஃபலோவுக்கு ரயிலேறிப் போய் ஸ்கேண்டினேவிய ஓவியக் கண்காட்சி ஒண்ணு பாத்தாங்க. ஸ்வீடன்காரனும் நார்வேக்காரனும் தன் நாட்டு பனியையும் பைனையும் இப்படி தட்டையா பளிச்சுன்னு போடறான், நம்ம ஊர்லயும் இதெல்லாம் இருக்கே, நாம ஏன் இன்னும் ஹாலந்து ஓவியங்கள்ல வர்ற மாதிரி மாடு வரைஞ்சிட்டு இருக்கோம்னு தோணிருச்சு. தாம்சன் அங்க போகல, வந்தவங்க வாய்வழியா கேட்டதுதான். ஆனா காட்டுல மாசக்கணக்குல தங்கத் தெரிஞ்சது அவருக்குத்தான், மத்தவங்களுக்கு கனூ எப்படி, கூடாரம் எப்படின்னு காட்டினதுல அவர் பங்கு பெருசு. அவர் போனதுக்கப்புறம் யுத்தத்துல இருந்த ஜாக்சன் மெக்டொனால்டுக்கு எழுதின கடிதத்துல, டாம் இல்லாத வடக்கு வெறும் புதரும் பாறையும்தான், அவர்தான் வழிகாட்டி, நாங்க அவர் வீட்டு விருந்தாளிங்கங்கிற அர்த்தத்துல எழுதினார்.

சாவு பத்தி சீக்கிரம் சொல்லிட்டுப் போயிர்றேன், ஏன்னா தாம்சன்னு கூகுள் பண்ணினா முதல்ல வர்றது இதுதான், எனக்கு அதுல கொஞ்சம் எரிச்சல். 1917 ஜூலை 8 கனூவுல கிளம்பினார், கவுந்த கனூ கிடைச்சது, எட்டு நாள் கழிச்சு ஜூலை 16 உடம்பு ஏரியில மிதந்துச்சு. நெத்திப்பொட்டுல காயம், கணுக்கால்ல தூண்டில் நூல் சுத்தியிருந்துச்சு. தண்ணியில மூழ்கின விபத்துன்னு முடிவு பண்ணினாங்க, அங்கேயே புதைச்சு, அப்புறம் குடும்பத்துக்காக தோண்டி எடுத்து லீத்ல புதைச்சாங்க, இல்ல எடுக்கவே இல்லன்னு ஒரு கோஷ்டி, 1956ல சிலர் பழைய குழியத் தோண்டி ஒரு எலும்புக்கூட எடுக்க, அது பழங்குடி மனுஷனோடதுன்னு அரசாங்கம் சொல்ல, கொலையா, கடனா, பொண்ணான்னு இன்னைக்கு வரைக்கும் ஓடிட்டு இருக்கு. ஓடட்டும். சின்ன வயசுல செத்தவன் மேல நமக்கு எப்பவுமே ஒரு ஈர்ப்பு, அது படத்தப் பாக்க விடாது.

1920ல குரூப் ஆஃப் செவன் டொரன்டோவுல முதல் கண்காட்சி வச்சாங்க. தாம்சன் அதுல மெம்பரே கிடையாது, செத்து மூணு வருஷம் ஆயிருந்துச்சு, ஆனா சாமி படத்துக்கு மாலை போட்ட மாதிரி அவர் பேர் எப்பவும் முன்னாடி. முதல்ல திட்டினாங்க, 1913லயே டொரன்டோ ஸ்டார்ல ஒருத்தர் இந்த கோஷ்டிக்கு "சூடான கஞ்சி ஸ்கூல்"ங்கிற மாதிரி பேர் வச்சார். அப்புறம் 1924ல லண்டன் வெம்ப்ளி கண்காட்சிக்குப் போய் வெள்ளைக்காரப் பத்திரிகை புகழ்ந்ததும் இங்க எல்லாருக்கும் திடீர்னு புடிச்சுப் போச்சு, இந்த வியாதி நமக்கு மட்டும்தான்னு நினைக்க வேண்டாம். அந்தப் படங்கள வீடு வீடா கொண்டு போய் சேத்தது பிரிண்டுங்கதான், ரெண்டாம் உலக யுத்த சமயத்துல ஜாக்சனோட முயற்சியில சாம்ப்சன் மேத்யூஸ் கம்பெனி சில்க்ஸ்கிரீன் பிரிண்ட் போட ஆரம்பிச்சு, ராணுவ முகாம், ஸ்கூல், பேங்க்னு தொங்கவிட்டாங்க. 1967ல பத்து சென்ட் ஸ்டாம்ப்ல ஜாக் பைன். மூணு தலைமுறை கிளாஸ்ரூம் சுவர்ல அதப் பாத்து வளர்ந்துச்சு.

பாத்து வளர்ந்ததுல என்ன விட்டுப்போச்சுன்னா, ஆளுங்க. மரம் வெட்டினவன் மட்டும் இல்ல, அதுக்கு முன்னாடியே அங்க இருந்த ஆல்கான்குவின் ஜனங்க. பார்க்குக்குப் பேரே அவங்க பேர்தான், ஆனா பார்க் வந்ததும் அவங்க வேட்டையாடறதும் குடியிருக்கறதும் சட்டவிரோதம் ஆயிருச்சு. அந்த நிலத்த நாங்க எந்த ஒப்பந்தத்துலயும் எழுதிக் குடுக்கலன்னு ரொம்ப காலமா சொல்லிட்டு வர்றாங்க, 1980கள்ல முறைப்படி கோரிக்கை வச்சாங்க, 36,000 சதுர கிலோமீட்டர் நிலம் சம்பந்தப்பட்டது, 2016லதான் ஒரு ஆரம்பகட்ட ஒப்பந்தத்துல கையெழுத்து. ஆளில்லாத வடக்குங்கிற படம் இந்த ஜனங்கள சுவர்ல இருந்தே எடுத்துருச்சுன்னு கலை வரலாற்றுக்காரங்க 1990கள்ல இருந்து எழுதறாங்க, சரிதான். ஆனா நான் அதுல முக்காவாசி பழிய தாம்சன் மேல போட மாட்டேன். அவர் பலகையில அணையும் கட்டையும் போட்டு வச்சிருந்தார், நாம ஸ்டாம்ப்புக்கு எதத் தேர்ந்தெடுத்தோம்ங்கறதுதான் கேள்வி. பழங்குடி ஆளுங்கள அவரும் வரையலங்கிறது உண்மை, அத ஒத்துக்கணும். ஒட்டுமொத்தமா மனுஷ உருவமே அவர் படத்துல கம்மி, வந்தாலும் சுமாராதான் இருக்கும், அவருக்கு ஆள் வரைய வராது.

இன்னைக்கு இருக்குற ஓவியருங்கள்ல பீட்டர் டாய்க் படங்கள்ல தாம்சன் வாடை அடிக்கும், ஸ்காட்லாந்துல பொறந்து கொஞ்ச காலம் கனடாவுல வளர்ந்தவர், ஏரி, கனூ, தண்ணியில பிரதிபலிப்பு, ஆனா அமைதிக்குப் பதிலா ஒரு பயம். பாரம்பரியம்னா எனக்கு இது மாதிரி இருக்கணும். கடைக்கு கடை விக்கிற ஜாக் பைன் காபி மக் கணக்குல வராது. ஏலத்துல தாம்சனோட சின்ன பலகையே 2009ல 27 லட்சம் டாலருக்கு மேல போச்சு, மாசம் ஒரு டாலர் கொட்டகையில இருந்த மனுஷன். அவர் காலத்துல கேட்டவங்களுக்கு சும்மா தூக்கிக் குடுத்திருக்கார்.

ஆல்கான்குவின்ல பாதிக்கு மேற்பட்ட பரப்புல இன்னைக்கும் சட்டப்படி மரம் வெட்டறாங்க, தெரியுமா? அக்டோபர்ல செவப்பு இலை பாக்க கார் மேல கார் நிக்கிற ஹைவே 60ல இருந்து அது தெரியாது, ரோட்டோரத்துல வெட்ட விடாம ஒரு பட்டைய விட்டு வச்சிருக்காங்க.

ஜாக் பைன் கேன்வாஸ் ஆட்டாவாவுல, ஆனா அதோட ஸ்கெட்ச் நயாகரா பக்கத்துல குவீன்ஸ்டன்ல ரிவர்பிரிங்க்னு ஒரு குட்டி மியூசியத்தோட கலெக்ஷன்ல இருக்கு. ஊர்ல இருந்து வர்ற எல்லா சொந்தக்காரங்களையும் நாம ஃபால்ஸ் பாக்க கூட்டிட்டுப் போறோம்ல, அங்கிருந்து கார்ல கால் மணி நேரம்கூட ஆகாது. சித்தப்பா முணுமுணுப்பார், பரவால்ல. போறதுக்கு முன்னாடி திறந்திருக்காங்களா, அந்தப் பலகை அப்ப சுவர்ல மாட்டியிருக்கான்னு மட்டும் போன் பண்ணி கேட்டுக்கோங்க, சின்ன எடம், படத்த அப்பப்ப மாத்துவாங்க.